மான்செஸ்டர் யுனைடெட்டின் மறந்துபோன ஆட்டக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஏழெட்டுப் பேர். ஞாயிறு காலை பந்து உதைத்து முடித்து, வேர்வை காய்வதற்குள் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவோம். ஒருவன் ஒரு பெயர் சொல்வான். மான்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்துக் கால்பந்து அணியின் பழைய ஆட்டக்காரர் யாராவது, அதுவும் யாரும் ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொள்ளாத ஆளாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவன், அவர் எந்த ஆட்டத்தில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். போனை எடுத்தால் அன்றைய டீ, பஜ்ஜிக் காசு மொத்தமும் அவன் தலையில். இருபது வருடமாக ஓடும் விளையாட்டு இது. புதிதாக வரும் பையன்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

யாரெல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள்?

பெயரைச் சொன்னதும் எதிராளி ஒரு நொடி முழிக்க வேண்டும். அடுத்த நொடி "அட, ஆமாடா!" என்று தொடையில் தட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் செல்லும். முழிப்பு மட்டும் வந்தால் நீ சொன்ன ஆளை யாருக்கும் தெரியாது, வெறும் புள்ளிவிவரம். முழிப்பே இல்லாவிட்டால் அவர் மறக்கப்பட்டவரே இல்லை.

டியகோ ஃபோர்லானைச் சொல்லலாமா?

கூடாது. முதல் கோலுக்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்டார், உண்மைதான். ஆனால் 2010 உலகக்கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய மனிதரை மறந்துவிட்டேன் என்று சொன்னால் தவறு உன் பேரில்.

மிகக் குறைந்த நேரம் ஆடியவர் யார்?

நிக் கல்கின். கோல்கீப்பர். 1999 ஆகஸ்ட் 22, லண்டன் ஹைபரியில் ஆர்சனலோடு ஆட்டம். ராய் கீன் இரண்டு கோல் போட்டு 2-1 என்று யுனைடெட் முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோலி வான் டெர் கவுவுக்கு அடிபட, கல்கின் உள்ளே வந்தார். எண்பது வினாடி. விசில் அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யுனைடெட்டுக்காக அவர் ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

எண்பது வினாடி என்பது நம்மூர் சிக்னலில் பச்சை விழக் காத்திருக்கும் நேரம். சிரிப்பு வரும். நானும் பல வருடம் சிரித்திருக்கிறேன். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆர்சனல் மைதானத்தில், சாம்பியன் அணிக்காக, ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றும் எண்பது வினாடி. கோல் விடவில்லை. தோற்கவில்லை. யுனைடெட் கோலிகளில் இப்படி அப்பழுக்கில்லாத கணக்கு வேறு யாருக்கு இருக்கிறது?

மஸ்ஸிமோ தைபி உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

இதைக் கேட்காத பையன் இல்லை. அந்த ஒரு காட்சிதான் எல்லோருக்கும் தெரியும். 1999 செப்டம்பர் 25, ஓல்ட் டிராஃபோர்ட், சவுத்தாம்ப்டனோடு ஆட்டம். மேத்யூ லெ டிஸ்ஸியே தூரத்திலிருந்து ஒரு பந்தை உருட்டுகிறார். அடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, உருட்டினார். தைபி முட்டி போட்டு, இரண்டு கையையும் கீழே கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரியே உட்காருகிறார். பந்து அவர் உடம்புக்குக் கீழே நுழைந்து, கால்களுக்கு நடுவே போய், அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டுகிறது. ஆட்டம் 3-3. அடுத்த வாரம் செல்சியிடம் 0-5. அதோடு சரி. மொத்தம் நான்கு ஆட்டம். வெனிஸ் நகர அணியான வெனெசியாவிலிருந்து வந்தவர் என்பதால் இங்கிலாந்துப் பத்திரிகைகள் 'வெனிஷியன் பிளைண்ட்' என்ற ஜன்னல் திரையின் பெயரைத் திருப்பிப்போட்டு 'பிளைண்ட் வெனிஷியன்', அதாவது 'வெனிஸ் குருடர்' என்று பட்டம் கட்டின.

இப்போது பையன்களுக்குத் தெரியாத பாதி. பீட்டர் ஷ்மைக்கேல் அந்தக் கோடையில்தான் கிளம்பியிருந்தார். அவர் இடத்தில் அடுத்து யார் நின்றாலும் அடி விழும். தைபியின் முதல் ஆட்டமே லிவர்பூல் மைதானத்தில். ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்து ஒரு கோல் விட்டார், அப்புறம் வந்ததையெல்லாம் தடுத்தார். யுனைடெட் 3-2 என்று ஜெயித்தது. அன்றைய ஆட்ட நாயகன் விருது தைபிக்குத்தான்.

இத்தாலிக்குத் திரும்பி ரெஜ்ஜினாவில் நிலையான கோலியாக ஆடினார். 2001-இல் உதினேசேவோடு ஆடியபோது, கடைசி நிமிடங்களில் கார்னருக்கு முன்னால் ஓடிப்போய்த் தலையால் முட்டி சமன் கோல் போட்டார். கோல்கீப்பர் போட்ட கோல்! ரெஜ்ஜியோ கலாப்ரியாவில் டீக்கடை பெஞ்ச் இருந்தால் அங்கே தைபி என்றால் அந்தத் தலைமுட்டுதான். கால்களுக்கு நடுவே போன பந்து நம் பெஞ்சோடு சரி.

ஒரே ஆட்டம், அதிலும் ரெட் கார்டு. யார்?

பாட் மெக்கிப்பன். 1995 செப்டம்பர் 20, லீக் கோப்பை, மூன்றாம் நிலை அணியான யார்க் சிட்டி ஓல்ட் டிராஃபோர்டுக்கே வந்து 3-0 என்று அடித்துவிட்டுப் போன ராத்திரி. யுனைடெட்டுக்கு அவருடைய முதல் ஆட்டம், கடைசி ஆட்டம், வெளியேற்றம் எல்லாம் அன்றைக்கே. பிற்பாடு வட அயர்லாந்தில் மனநலம் பற்றிப் பேசவும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அமைப்பு தொடங்கி நடத்துகிறார். இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் பெஞ்சில் யாரும் கிண்டல் பண்ணுவதில்லை.

வில்லியம் ப்ரூனியே?

யுனைடெட் நட்சத்திரம் எரிக் கன்டோனாவோடு பிரான்ஸின் ஒசேர் அணியில் ஆடியவர். 1995 கடைசியில், அணியில் சேர்க்கலாமா என்று பார்க்கும் சோதனைக்கு வந்தார். க்யூ.பி.ஆரோடு முதல் ஆட்டம், 2-1 வெற்றி. ஒருநாள் விட்டு ஜனவரி 1, டாட்டன்ஹமிடம் 1-4. சோதனையை நீட்டிக்கலாம் என்றார்கள், அவர் மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். தன்மானம் உள்ள ஆள்.

யுனைடெட்டின் ஆக மோசமான வீரர் என்று ரால்ஃப் மில்னைச் சொல்கிறார்களே?

சொல்கிறவர்களுக்கு டண்டீ எங்கே இருக்கிறது என்று தெரியாது. 1988-இல் பிரிஸ்டல் சிட்டியிலிருந்து 1,70,000 பவுண்டுக்கு யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் வாங்கினார். லீக்கில் 23 ஆட்டம், 3 கோல். பிற்காலத்தில் 'மோசமான பதினொருவர்' என்று யார் பட்டியல் போட்டாலும் இடது ஓரம் அவருக்கு ரிசர்வ் செய்த சீட்.

ஆனால் ஐந்து வருடம் பின்னால் போங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம். ஒரே தெருவில் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு மைதானங்கள், இரண்டு பகை அணிகள்: டண்டீ, டண்டீ யுனைடெட். 1983 மே 14, லீக்கின் கடைசி நாள். பக்கத்து மைதானத்துக்கு நடந்துபோய் ஜெயித்தால் டண்டீ யுனைடெட்டுக்குப் பட்டம். நான்காவது நிமிடத்தில் மில்னிடம் பந்து வருகிறது. முந்தின நாள்தான் அவருக்கு 22 வயது. கோலி கொஞ்சம் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, தூரத்திலிருந்தே பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். வலையில் இறங்கியது. 2-1 வெற்றி. டண்டீ யுனைடெட் வரலாற்றிலேயே அந்த ஒரே ஒரு முறைதான் லீக் பட்டம். ஐரோப்பியப் போட்டிகளில் அந்த கிளப்புக்காக அதிக கோல் போட்டவரும் மில்ன்தான், 15.

2015-இல் இறந்துபோனார். மான்செஸ்டரில் நகைச்சுவைத் துணுக்கு, டண்டீயில் குலதெய்வம். மனிதர் ஒருவரேதான். அதனால் எங்கள் பெஞ்சில் 'டப்பா' என்ற வார்த்தைக்கும் டீக்காசு அபராதம் உண்டு. இந்த விதியை நான்தான் கொண்டுவந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

எரிக் ஜெம்பா-ஜெம்பாவை நேரில் பார்த்திருக்கிறேன் என்று சொல்கிறீர்களே, கதையா?

கதை இல்லை. பெரியமேட்டில் பார்த்தேன். இதற்கு மட்டும் பதில் நீளும்.

2003 கோடையில் பிரான்ஸின் நாண்ட் அணியிலிருந்து வந்த கேமரூன் மிட்ஃபீல்டர். கீனுக்குப் பிறகு நடுக்களத்தை யார் தாங்குவது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த சமயம். நான் கல்லூரியில். அவர் வந்த சில வாரத்தில், செப்டம்பர் 1 முதல், சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட் டாப் பாக்ஸ் கட்டாயம் ஆனது. நாட்டிலேயே அது ஒழுங்காக அமலானது நம் ஊரில்தான், நம் கெட்ட நேரம். எங்கள் வீட்டில் ஃபுட்பால் சேனல் அன்றைக்கே இருட்டாகிவிட்டது. அம்மாவின் சீரியல் பெட்டி இல்லாமலேயே வந்தது. "அதான் டிவி தெரியுதே, எதுக்குடா பெட்டி?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே அந்த சீசன் முழுக்க ஜெம்பா-ஜெம்பா எனக்குப் பேப்பரில் வரும் ஒரு பெயர். லீட்ஸோடு லீக் கோப்பை ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசியில், 117-வது நிமிடத்தில் அவர் அடித்த வெற்றி கோலையும் இரண்டு வரியாகப் படித்ததுதான். தமிழ் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி, பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர். ஜெம்பா-ஜெம்பா எது என்று நானும் நண்பனும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். அவன் இரட்டைக்கிளவி கட்சி. இரண்டாக வந்தும் அர்த்தம் இல்லை என்பது அவன் வாதம். லீட்ஸ் கோலைக் காட்டி நான் அடுக்குத்தொடர் என்றேன். 39 ஆட்டத்தோடு 2005 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போய்விட்டார். வழக்கு தீர்ப்பில்லாமல் நின்றது.

2014-இல் ஐ.எஸ்.எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நம் ஊர் அணியான 'சென்னையின் எஃப்.சி.'யின் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்க்கிறேன். மார்கோ மெட்டராஸி ஆடிக்கொண்டே பயிற்சி கொடுக்கிறார், பிரேசிலின் எலானோ இருக்கிறார். ஊரே அவர்களைப் பற்றிப் பேசுகிறது. நான் கீழே கீழே போகிறேன். மிக்கேல் சில்வெஸ்ட்ர். சரி. போயான் ஜோர்ஜிச். அட! ஜெம்பா-ஜெம்பா. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் அவர் மைதானத்துக்குள் வந்ததும் எழுந்து நின்று "ஜெம்பா! ஜெம்பா!" என்று கத்தினேன். பின்வரிசைப் பையன்கள் அதை ஏதோ கானா என்று நினைத்துத் தாளம் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த பையன், பதினாறு வயது இருக்கும், கேட்டான்: "யாருண்ணா அது? பெரிய ப்ளேயரா?" பதினொரு வருடம் முந்தைய செட் டாப் பாக்ஸ் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? "ஆமாப்பா, பெரிய ப்ளேயர்" என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. மான்செஸ்டரிலிருந்து பர்மிங்ஹாம், கத்தார், டென்மார்க், இஸ்ரேல், செர்பியா, ஸ்காட்லாந்து என்று சுற்றி, 33 வயதில் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். டிவியில் பார்க்கக் கிடைக்காத ஆள், கைக்கெட்டும் தூரத்தில் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.

அந்த போயான் ஜோர்ஜிச் யார்?

பெல்கிரேடில் பிறந்து ஸ்வீடனில் வளர்ந்தவர். 2000-இல் யுனைடெட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ஜிம்மி மர்ஃபி விருது இவருக்குத்தான். அந்த விருதின் பட்டியலில் ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். மூத்தோர் அணிக்கு ஆடியது இரண்டே ஆட்டம். 2009-இல் ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே. லீக்கும் கோப்பையும் சேர்த்து ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். சென்னைக்கு வந்தார் என்பதை மட்டும் எங்கள் பெஞ்சிலேயே இரண்டு பேர் இன்னும் நம்பவில்லை.

சில்வெஸ்ட்ரும் மறக்கப்பட்டவரா?

யுனைடெட் கணக்கில் இல்லை. 361 ஆட்டம் ஆடியவரை எப்படிச் சேர்ப்பது? சென்னைக் கணக்கில் வேண்டுமானால் சேர்க்கலாம். 2014 டிசம்பர் 16, அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். முதல் பாதி முடியும் முன் முதல் கோலைப் போட்டு எங்களை எழுப்பியது சில்வெஸ்ட்ர்தான். அப்புறம் எதிராளியே தன் வலைக்குள் ஒன்று, 90-வது நிமிடத்தில் ஜேஜே ஒன்று. 3-0, கணக்குச் சமம், மைதானம் பைத்தியம் பிடித்து நிற்கிறது. கூடுதல் நேரத்தில், 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்று அடித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

ஆமாம், 117. ஜெம்பா-ஜெம்பா லீட்ஸில் அடித்த அதே நிமிடம். பியர்சன் கிளாஸ்கோவில் பலருக்கு மறந்துபோன பெயராக இருக்கலாம். பெரியமேட்டில் இல்லை.

டாங் ஃபாங்ஜுவோ எத்தனை ஆட்டம்?

மூன்று. 2004-இல் சீனாவின் தாலியனிலிருந்து வாங்கினார்கள். வேலை அனுமதி கிடைக்காமல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் மூன்று வருடம். லீக்கில் ஒரே ஆட்டம், 2007 மே 9, செல்சியோடு 0-0. பட்டம் ஏற்கெனவே யுனைடெட் கைக்கு வந்துவிட்டதால் பெரிய ஆட்களுக்கெல்லாம் ஓய்வு. அன்று அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பாதிப் பேர் பட்டம் வென்ற மயக்கத்தில் இருந்தோம்.

கிளெபர்சனை ஏன் எல்லோரும் ஒரு போட்டோவை வைத்துச் சொல்கிறார்கள்?

2003 ஆகஸ்ட். ஃபெர்குசன் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு புது வரவு. ஒருவர் பிரேசிலுக்காக 2002 உலகக்கோப்பை இறுதியாட்டம் ஆடி ஜெயித்து வந்தவர். இன்னொருவர் பதினெட்டு வயதுப் பொடியன், தலைமுடியில் மஞ்சள் சாயக் கோடுகள். அன்றைக்கு விவரம் தெரிந்தவர்களின் கண் முதலாமவர் மேல். பொடியன் பெயர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. வேறு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மக்கெடா செல்லுமா?

விளிம்பில் நிற்கிறார். 2009 ஏப்ரல் 5, ஆஸ்டன் வில்லாவோடு 2-2 என்று நிற்கிறது, பதினேழு வயது, முதல் ஆட்டம், 93-வது நிமிடம், காலடியில் பந்தைத் திருப்பி ஓரமாக வளைத்து அடித்து வெற்றி கோல் போட்டார். அந்த ஞாயிறு ராத்திரி எங்கள் தெருவில் நான் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுத் தாத்தா கதவைத் தட்டினார். மறக்க முடியாததால் செல்லாது என்பது பெஞ்சின் பெரும்பான்மைத் தீர்ப்பு.

பெபே?

லிஸ்பன் பக்கத்தில் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர். 2010-இல் போர்ச்சுகலின் விட்டோரியா அணிக்கு வந்து சில வாரம்தான், ஒரு லீக் ஆட்டமும் ஆடும் முன்பே சுமார் 74 லட்சம் பவுண்டு கொடுத்து யுனைடெட் தூக்கிக்கொண்டு வந்தது. என் முன்னாள் துணைப் பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ் சொன்னதை நம்பி வாங்கினேன், ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை என்று ஃபெர்குசனே ஒப்புக்கொண்டார். 7 ஆட்டம், 2 கோல்.

வினாடி வினா பிரியர்களுக்கு ஒரு மிட்டாய்: 2010 நவம்பர், சாம்பியன்ஸ் லீக், துருக்கியில் பர்சாஸ்போரை யுனைடெட் 3-0 என்று வென்ற ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் ஃப்ளெட்சர், ஓபர்டான், பெபே. இதைப் போன் இல்லாமல் சொன்னவனுக்கு ஒரு மாதம் டீ இலவசம் என்று அறிவித்திருக்கிறோம். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வருகிறவனுக்குக் கிடையாது.

2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் கேப் வெர்டே ஜெர்சியில் அவரை மறுபடி பார்த்தேன். மொசாம்பிக்கோடு ஆட்டம். கோலிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஃப்ரீகிக். பாஸ் கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேராக அடித்தார், உள்ளே போனது. வயது 33.

டிவி காலத்துக்கு முன்னால் யாரும் இல்லையா?

ஸ்டான் கிரவுதர். எங்கள் பெஞ்சில் இந்தப் பெயரைக் கண்டுபிடித்தவர் எங்களில் மூத்த அண்ணன் ஒருவர், புத்தகம் படிக்கும் ஆசாமி.

1957 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் யுனைடெட்டை 2-1 என்று தோற்கடித்த ஆஸ்டன் வில்லா அணியில் கிரவுதர் இருந்தார். அடுத்த வருடம் பிப்ரவரி 6, மியூனிக் விமான விபத்து. யுனைடெட்டின் எட்டு ஆட்டக்காரர்கள் இறந்தார்கள். பதின்மூன்றே நாளில், பிப்ரவரி 19, ஷெஃபீல்டு வெட்னஸ்டேயோடு கோப்பை ஆட்டம். ஆட ஆள் இல்லை. ஆட்டம் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கிரவுதரை வில்லாவிலிருந்து எழுதி வாங்கினார்கள். அந்த சீசனில் வில்லாவுக்காகக் கோப்பை ஆட்டம் ஆடிவிட்டவர் வேறு அணிக்கு ஆடக் கூடாது என்பது விதி. இவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். போன வருடம் இவர்களைத் தோற்கடித்த கால்களோடு சிவப்பு ஜெர்சியில் இறங்கினார். 3-0 வெற்றி. மே மாதம் இறுதியாட்டம் வரைக்கும் போனார்கள், போல்டனிடம் தோற்றார்கள். டிசம்பரில் கிரவுதர் செல்சிக்குப் போய்விட்டார்.

அன்று ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்தவர்கள் 59,848 பேர். அவர்கள் கையில் இருந்த ஆட்ட நிரலில் ஷெஃபீல்டு அணியின் பெயர்கள் இருந்தன. அச்சுக்குப் போகும்போது யார் ஆடுவார்கள் என்று யாருக்கும் தெரியாததால் எதிர்ப்பக்கத்தில் யுனைடெட்டின் பதினொரு பெயர்களுக்கும் கட்டம் மட்டும் இருந்தது, எல்லாம் காலி.

அந்த நிரலின் படம் ஒன்றை அண்ணன் பிரிண்ட் போட்டு, நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். புதுப் பையன் யாராவது வந்தால் பேனாவோடு நீட்டுவார்.